கூட இருப்பவர்களுக்கு ஒரு மடல்

டெல்லித் தமிழ்ச் சபைகளில், வீட்டிலோ மருத்துவமனையிலோ ஒரு நோயாளிக்குக் கூட இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு,



உங்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியும். ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காருவீர்கள். கைப்பேசி மடியில் இருக்கும். அது அதிர்ந்தால் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போவீர்கள். ஆராதனை முடிந்து மற்றவர்கள் கைகொடுத்துப் பேசிக்கொண்டிருக்கையில் நீங்கள் மெட்ரோவில் ஏறியிருப்பீர்கள். வழியில் பார்ப்பவர்கள் எல்லோரும் “அவங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்பார்கள். “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்பவர் அபூர்வம். 14 மாதம் நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்தவள். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இரவு வார்டைச் சுற்றிவரும் நர்ஸ் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று கேட்பது உங்களுக்குப் பழக்கமான கேள்விதான்: “இன்கே சாத் கௌன் ஹை?” இவரோடு கூட யார் இருக்கிறார்கள்? முதல் சில நாள் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னேன். அங்கே அது தேவைப்படவில்லை. பிறகு கையை மட்டும் தூக்கப் பழகினேன். என் கணவர் 17-ஆம் எண் கட்டில். நான் அவரோடு கூட இருப்பவள். மருந்துச் சீட்டோடு ஓடுவது, பரிசோதனைக்கு வரிசையில் நிற்பது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, டிரிப்ஸ் தீர்கிறதா என்று பார்த்தே விடியவைப்பது என்று என் நாட்கள் போயின.

அவர் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற 2 வருடம் இருந்தபோது வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தப் புத்தாண்டு இரவு ஆராதனையில் எங்கள் வீட்டுக்கு வந்த வாக்குத்தத்த அட்டை, நீடித்த நாட்களைப் பற்றிய வசனம். அதை அவர் தலையணை உறைக்குள் வைத்தேன். ஆபரேஷன் முடிந்தது, கீமோ நடந்தது, நோய் திரும்பியது. 2023 மார்ச்சில் அவர் போய்விட்டார். அட்டை இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. பல மாதம் அதைத் திருப்பிப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

அந்த 14 மாதத்தில் பார்க்க வந்த நம் ஆட்கள் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போனவை சில இன்றும் வலிக்கின்றன. “விசுவாசத்தைத் தளரவிடாதீங்க, அதான் சுகம் தாமதமாகுது.” “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கான்னு குடும்பமா உக்காந்து யோசிங்க.” அவர்கள் படியிறங்கிப் போன பிறகு, என் தலையில் ஒரு பாரத்துக்கு இரண்டு பாரம் இருக்கும். நோய் அவருடையது, அது தீராமல் இருப்பது என் விசுவாசக் குறைவால். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் நான் தூக்கம் இழந்தேன். உங்களில் எத்தனை பேர் இன்று இரவு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. அந்தக் கணக்கை அழித்துவிடுங்கள். வேதத்தில் அதற்கு இடமில்லை.

யோபுவின் நண்பர்களை நினைத்துப் பாருங்கள். வந்தவுடன் 7 நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவிடம் இல்லை. விளக்கம் சொன்ன அந்த நண்பர்களிடம்.

முள் ஒன்று மாம்சத்தில் தைத்ததாக எழுதிய பவுல், அதை நீக்கும்படி 3 முறை மன்றாடினார். கெத்செமனேயில் ஆண்டவர் அந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கும்படி 3 முறை ஜெபித்தார். முள் போகவில்லை, பாத்திரமும் நீங்கவில்லை. விசுவாசக் குறைவு என்று இந்த இருவரில் யாரைச் சொல்வது? பவுலுக்குக் கிடைத்த பதில், கிருபை அவருக்குப் போதுமானதாக இருக்கும் என்பது. நம் ஆண்டவரோ அந்த இரவில் பிதாவிடம் கேட்டது போக, மனிதர்களிடமும் ஒன்று கேட்டார். தம்மோடு கூட விழித்திருக்கும்படி மூன்று சீஷரைக் கேட்டார். அவர்கள் தூங்கிப்போனார்கள். வார்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கண்விழித்துக்கொண்டிருக்கும் நீங்கள், சீஷர்களால் முடியாத வேலையைச் செய்கிறீர்கள். கூட ஆள் வேண்டும் என்பது விசுவாசக் குறைவு இல்லை என்று எனக்கு அந்தத் தோட்டம்தான் சொல்லிக்கொடுத்தது.

டெல்லியில் இருக்கிறவர்களுக்கு எய்ம்ஸ் வாசல் தெரியும். கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த ராஜ்குமாரி அம்ரித் கௌர், இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சராக இருந்து 1956-ல் சட்டம் கொண்டுவந்து உருவாக்கிய இடம் அது. சாலைக்கு அந்தப் பக்கம் சப்தர்ஜங் மருத்துவமனை. இரண்டுக்கும் நடுவே நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும், பிகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் ஜனவரிப் பனியில் ரஜாய்க்குள் சுருண்டு கிடப்பார்கள். நோயாளியும் கூட வந்தவரும் தங்குவதற்கென்று எய்ம்ஸில் விடுதிகள் உண்டு. அவற்றின் பெயர் ‘விஷ்ராம் சதன்’. ஒரு நாள் அந்தப் பெயர்ப்பலகை முன் அப்படியே நின்றுவிட்டேன். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிற எல்லோரையும் ஆண்டவர் தம்மிடம் அழைக்கும் இடத்தில், இந்தி வேதாகமத்தில் வரும் சொல் அதே ‘விஷ்ராம்’. நம் வேதாகமத்தில் ‘இளைப்பாறுதல்’.

அந்தச் சொல்லைச் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்தும் அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். இளைப்பு ஆறுதல். மூச்சு வாங்குவதும் இளைப்பு, உடல் தேய்வதும் இளைப்பு. ‘ஆறுதல்’ என்பதோ நாம் தினமும் புழங்குகிற சொல். கொதித்த பால் ஆறும். புண் ஆறும். பசி ஆறும். அழுகிற மனமும் ஆறும். எதுவும் ஒரே நொடியில் ஆறுவதில்லை. சூடான பாலை ஊதி ஊதி ஆற்றுகிறோம். புண் தோலுக்கு அடியில் நமக்குத் தெரியாமல் ஆறுகிறது. இளைப்பே இல்லாதவனுக்கு இந்தச் சொல்லில் வேலை இல்லை. இளைத்தவனுக்குத்தான் இளைப்பாறுதல்.

அந்த அழைப்பில் அடுத்து வருவதைத்தான் நாம் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். இளைப்பாறுதல் தருவதாகச் சொன்னவர், அடுத்த மூச்சிலேயே தம்முடைய நுகத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். களைத்தவனுக்கு யாராவது நுகத்தைக் கொடுப்பார்களா? எங்கள் ஊர் தமிழ்நாட்டு நாசரேத் பக்கம். தாத்தாவிடம் ஒரு ஜோடி மாடும் வண்டியும் இருந்தன. புதிதாக வாங்கிய காளையைத் தனியாகப் பழக்க மாட்டார். பழகிய காளையோடு சேர்த்துப் பூட்டுவார். சின்னக் காளை திமிறும், கால் பின்னும், நின்றுவிடும். பெரிய காளை தன் போக்கில் இழுத்துக்கொண்டே போகும். இரண்டு நாளில் சின்னதுக்கு நடை வந்துவிடும். வண்டியில் பாரம் குறைந்திருக்காது. இழுப்பு யார் கழுத்தில் அதிகம் விழுகிறது என்பதுதான் வித்தியாசம். நுகம் இரண்டு கழுத்துக்கானது. இந்தப் பாரத்தில் இன்னொரு கழுத்து பூட்டப்பட்டிருக்கிறது என்று அறிவதற்குப் பெயர்தான் இளைப்பாறுதல் என்று நான் நம்புகிறேன்.

அதை நான் அறிந்த இரவைச் சொல்கிறேன். ஜனவரி மாதம். என் கணவருக்கு வலி தாங்கவில்லை. ஊசி போட்டு வெகுநேரமாகியும் அடங்கவில்லை. நான் அவர் தலைமாட்டில் நின்று, தெரிந்த வாக்குத்தத்தங்களையெல்லாம் சொல்லிச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து, “ஜெபம் பண்ணினது போதும்மா. கொஞ்ச நேரம் சும்மா உக்காரு” என்றார். அடி வாங்கியது போல உட்கார்ந்தேன். அவர் தன் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன். அவனுடைய தாய், பிகாரிலிருந்து வந்தவர், எழுந்து வந்து தன் பிளாஸ்க்கின் மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். “சாப்பிட்டீங்களா?” என்று இந்தியில் கேட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு ரொட்டியும் கொஞ்சம் ஊறுகாயும் தந்தார். ஒரு கையால் சாப்பிட்டேன். இன்னொரு கை என் கணவரிடம் இருந்தது. பிறகு அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். என் மேல் அந்தத் தாயின் சால்வை இருந்தது. என் கணவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நோய் ஒரு இம்மி குறையவில்லை. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஆறியிருந்தது.

எலியாவுக்கு நடந்ததும் இதுதான். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட அந்தத் தீர்க்கதரிசியிடம் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுப்பி, சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேபுக்குப் போனதும் மெல்லிய சத்தத்தைக் கேட்டதும் அதற்குப் பிறகுதான். களைத்தவருக்குக் கர்த்தர் முதலில் தந்தது ஆகாரமும் தூக்கமும்.

நம் டெல்லியிலேயே அப்படி ஒரு கதைக்குக் கட்டடம் இருக்கிறது. காஷ்மீரி கேட் அருகே மஞ்சள் பூசிய புனித யாக்கோபு ஆலயம். அதைக் கட்டிய ஜேம்ஸ் ஸ்கின்னர், 1800-ல் ராஜஸ்தானத்து உனியாரா அருகே நடந்த சண்டையில் காயப்பட்டு, செத்தவர்களுக்கும் சாகிறவர்களுக்கும் நடுவே கிடந்தார். பிழைத்தால் ஓர் ஆலயம் கட்டுவேன் என்று பொருத்தனை பண்ணினார். அந்தப் பக்கம் வந்த எளிய மனிதர்கள் காயப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆலயம் 1836-ல் பிரதிஷ்டையானது. அந்தக் குவிமாடத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு அஸ்திவாரம் அந்த ரொட்டியும் தண்ணீரும்தான் என்று எனக்குத் தோன்றும். என் அஸ்திவாரம் பிளாஸ்க் மூடியில் வந்த தேநீர்.

துன்பத்தை அனுப்பியவர் தேவன் என்று நான் சொல்ல மாட்டேன். துன்பம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். என் கணவர் பட்ட வலியில் நல்லது எதுவும் இல்லை. அந்த வலிக்குள் ஒருவர் எங்களோடு கூட இருந்தார், அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். இம்மானுவேல் என்ற பெயருக்கு அர்த்தம் நமக்கு ஞாயிறுபள்ளியிலேயே தெரியும். ஆஸ்பத்திரித் தமிழில் அதைச் சொல்வதானால், கூட இருப்பவர்.

நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுகிறவர்கள் எல்லோரும் சுகமானவர்கள், வேலை கிடைத்தவர்கள், குழந்தை பிறந்தவர்கள். நடுவழியில் நிற்பவருக்கு மைக் கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய கதையைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-ல் தந்த இரட்சணிய யாத்திரிகத்தை உங்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பீர்கள். அந்த யாத்திரிகனின் முதுகுப் பாரம் சிலுவையடியில் உருண்டு விழுகிறது. ஆனால் அது கதையின் கடைசிப் பக்கமா? போரும் சிறையும் மரண நிழலின் பள்ளத்தாக்கும் கடைசி ஆறும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பாரம் விழுந்தவனுக்கும் வழி கடினமாகவே இருந்தது. ஆகவே உங்கள் கதை இன்னும் முடியவில்லை என்பதால் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் களக்காட்டில் இருட்டில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951 ஜனவரியில் கண்மூடும் வரை, ஏறத்தாழ 20 வருடம், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். நோயாளிகளுக்கென்று ஆரோக்கியமானவர்கள் எழுதி அனுப்பிய ஆறுதல் வார்த்தைகள் அவரைத் தொடவில்லை. நோயாளியிடமிருந்து நோயாளிக்கு என்று தாமே மடல்களாக எழுதினார். 1933-ல் அது புத்தகமாயிற்று. சுகமாகி எழுந்து வந்து எழுதியதில்லை அது, படுக்கையிலிருந்தே எழுதியது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நடக்கவைக்கும் அற்புதம் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவர்தான் உயிர்நாடி. கிருபை அவர்களுக்கு முள்ளை எடுத்துவிடவில்லை. முள் தைத்த இடத்திலேயே போதுமானதாக இருந்தது.

உங்களிடம் இவ்வளவு பெரிய வேலைகளை யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று ஒரு வேளை சரியாகச் சாப்பிடுங்கள். தூக்கம் வந்தால் குற்றவுணர்வில்லாமல் தூங்குங்கள். கோபம் வந்தால் சங்கீதக்காரரைப் போல ஆண்டவரிடமே கோபப்படுங்கள், அவர் தாங்குவார். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கடைசியாக ஒரு கடனைச் சொல்லி முடிக்கிறேன். என் கணவர் வார்டில் இருந்தபோது, ஜங்க்புராவில் வீட்டுவேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் ஞாயிறுதோறும் தக்காளி சாதத்தோடு வருவாள். “அக்கா, நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் ஐயாவைப் பார்த்துக்கிறேன்” என்பாள். அவளுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் விடுப்பு. பாரபுல்லா ஓடைக்கரையில் மதராசி கேம்ப்பில் அவள் வீடு இருந்தது. நீதிமன்ற உத்தரவின்படி அந்த முகாம் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள், அவளுக்கும் கிடைத்தது. வேலையோ ஜங்க்புராவில்; நகரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமான தூரம். செய்தி கேட்டு நான் அவளுக்கு ஒரு வசனத்தைக் கைப்பேசியில் அனுப்பினேன். அனுப்பிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்து வலித்த அதே மாதிரி வார்த்தையை, எனக்குச் சோறு கொண்டுவந்தவளுக்கு நான் அனுப்பியிருந்தேன். மறுவாரம் பஸ் மாறி மாறி நரேலா போனேன். மூட்டை முடிச்சுகளைப் பிரித்து வைத்தோம், சமைத்தோம், சாப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. திரும்பும்போது அவள், “வந்தீங்களே அக்கா, அது போதும்” என்றாள்.

நம் மரண அறிவிப்புகளில் ‘கர்த்தருக்குள் இளைப்பாறினார்’ என்று அச்சிடுகிறோம். என் கணவருக்கும் அப்படித்தான் அச்சிட்டோம். அது உண்மை என்று விசுவாசிக்கிறேன். ஆனால் ஆண்டவர் அந்தச் சொல்லை முதலில் கொடுத்தது பாரத்தோடு நிற்கிறவர்களுக்கு. அதைக் கல்லறைக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம். கட்டிலருகில் நிற்கும் உங்களுக்கு, இன்று இரவே, அது சேர வேண்டும்.

அதனால் இனி வார்த்தை அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை இரவுகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் என்னிடம் சொல்லுங்கள். பிளாஸ்க்கில் தேநீரோடு வருகிறேன். கூட இருப்பவருக்கான பாஸை என்னிடம் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். நர்ஸ் வந்து கூட யார் என்று கேட்டால் நான் கையைத் தூக்குகிறேன்.

அதே நுகத்தில் உங்களோடு,
டெல்லியிலிருந்து உங்கள் சகோதரி